ஒன்பதரை மணித் தேர்வுக்கு உடம்பும் தயாராக வேண்டும்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு காலை 9.30 மணிக்குத் தொடங்குகிறது. 9 மணிக்கு மேல் வருகிறவர்களுக்குத் தேர்வு மையத்தின் கேட் திறக்காது. 2025 ஜூலை 12 அன்று நடந்த தேர்வில் 3,935 பணியிடங்களுக்கு 13 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் விண்ணப்பித்திருந்தார்கள். அவர்களில் கிராமத்திலிருந்து வருகிற ஒருவரின் காலையை எண்ணிப் பாருங்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து, தாலுகா ஊரில் இறங்கி, ஷேர் ஆட்டோ ஏறி, ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பள்ளியையோ கல்லூரியையோ தேடிக் கண்டுபிடித்து எட்டரைக்குள் போய் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் குளியல், சாப்பாடு, குழந்தைக்குப் பால், மாமனாருக்கு மாத்திரை என்று வேலைகள் வரிசையாக நிற்கும். ஹால் டிக்கெட்டில் 9.30 என்று அச்சிட்டிருக்கிறது. எழுதுகிறவருக்கு அன்றைய தேர்வு நாலரை மணிக்கே தொடங்கிவிடுகிறது.

ஜே.இ.இ. மெயின் எழுதும் பிளஸ் டூ பிள்ளைகளின் நிலையும் இதுதான். முதல் ஷிப்ட் காலை 9 மணிக்கு. எட்டரைக்கே கேட்டை மூடிவிடுகிறார்கள். எஸ்.எஸ்.சி. தேர்வின் முதல் ஷிப்ட் கிடைத்தவர்கள் எட்டு மணிக்கெல்லாம் மையத்தில் இருந்தாக வேண்டும். வெளியூர் மையம் என்றால் முதல் நாள் இரவே கிளம்பி, உறவினர் வீட்டுக் கூடத்திலோ லாட்ஜிலோ பாதித் தூக்கம் தூங்கி வருகிறார்கள்.

பாடத்திட்டத்துக்கு ஒரு வருடம், இரண்டு வருடம் செலவழிக்கிறோம். அந்தப் படிப்பை எந்த நேரத்தில் மூளையிலிருந்து எடுத்து எழுதப்போகிறோம் என்பதைப் பற்றி யோசிப்பதே இல்லை. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குக் கணக்குப் போட்டுப் பழகிய மூளையைத் தேர்வு நாளில் திடீரென்று காலை ஒன்பதரைக்குக் கூட்டிப்போய் உட்காரவைக்கிறோம். தேர்வுக்கு முந்தின நாள், "இன்னைக்காவது சீக்கிரம் தூங்குப்பா" என்று அம்மா சொல்வார். அன்றைக்குச் சொல்லிப் பெரிய பலன் இல்லை. இது பத்துப் பதினைந்து நாள் முன்பே தொடங்க வேண்டிய வேலை.

ஏன் என்று கேட்டால், நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. எப்போது தூக்கம் வரவேண்டும், எப்போது உடல் வெப்பம் ஏறவேண்டும், எப்போது பசிக்கவேண்டும் என்பதையெல்லாம் அது முன்கூட்டியே தீர்மானிக்கிறது. இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. சராசரி மனிதருக்கு இந்தக் கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். அதனால்தான் தாமதமாகத் தூங்குவது எல்லோருக்கும் எளிதாக வருகிறது, முன்கூட்டித் தூங்குவது கஷ்டமாக இருக்கிறது. தினமும் ஒரு மணிக்குப் படுப்பவர் தேர்வுக்கு முதல் நாள் ஒன்பது மணிக்கே படுத்தால் தூக்கம் வராது. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். தூக்கம் வரவில்லையே என்ற கவலை வேறு சேர்ந்துகொள்ளும்.

இரவு ஒரு மணிக்குத் தூங்கி எட்டு மணிக்கு எழுந்து பழகியவருக்கு உடல் வெப்பம் மிகக் குறைந்து, மூளை மிக மந்தமாக இருக்கும் நேரம் விடிகாலை ஐந்து ஐந்தரை. தேர்வுக்காக அவர் எழுந்திருப்பது சரியாக அந்த நேரத்தில்தான். பஸ்ஸில் போகும்போதும் வரிசையில் நிற்கும்போதும் பாதி உறக்கத்தில் இருப்பார். எழுந்த பிறகு மூளை முழு விழிப்புக்கு வர, நல்ல தூக்கம் தூங்கியவருக்கே அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். தூக்கம் குறைந்தவருக்கும், ஆழ்ந்த உறக்கத்தில் அடித்து எழுப்பப்பட்டவருக்கும் அது இன்னும் நீளும். தேர்வு முடிந்து வெளியே வந்ததும், "தெரிஞ்ச கேள்விங்க. உள்ள இருந்தப்போ ஞாபகமே வரல" என்கிறார்களே, அவர்களில் பலருக்கு படிப்பில் குறை இருக்காது என்பது என் எண்ணம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் வேதியியல் படித்த சுமார் நூறு மாணவர்களின் கையில் தூக்கத்தை அளக்கும் பட்டையைக் கட்டி, ஒரு பருவம் முழுக்கக் கவனித்தார்கள். ஆய்வு 2019-ல் வெளிவந்தது. நன்றாகவும் ஒரே சீராகவும் தூங்கியவர்கள் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத இன்னொன்றும் தெரியவந்தது. தேர்வுக்கு முந்தின ஒரே ஓர் இரவின் தூக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் அங்கே தொடர்பு தென்படவில்லை. தேர்வுக்கு முந்தின வாரத்தின் தூக்கமும், முந்தின மாதத்தின் தூக்கமும்தான் மதிப்பெண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கின.

தேர்வு எழுதும் ஒவ்வொருவரும் இதை இரண்டு வகையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பதினைந்து நாள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு ஒரே இரவில் சரிக்கட்ட முடியாது. அதேபோல, பதினைந்து நாள் ஒழுங்காகத் தூங்கியவர், பதற்றத்தில் கடைசி இரவு மட்டும் தூக்கம் வராமல் புரண்டாலும் குடிமுழுகிப் போகாது. கண்ணை மூடிப் படுத்திருந்தால் போதும். மணி பார்க்க வேண்டாம். தூக்கத்துக்காக மாத்திரை போடவே கூடாது. சளிக்கும் அலர்ஜிக்கும் போடும் சில மாத்திரைகள்கூட மறுநாள் காலை வரை தலையைக் கிறுகிறுக்க வைக்கும்.

கடிகாரத்தை எப்படித் திருப்புவது?

மாலையிலிருந்து தொடங்கினால் தோற்றுப்போவீர்கள். காலையிலிருந்து தொடங்குங்கள். இப்போது ஏழரைக்கு எழுகிறீர்கள் என்றால், நாளை ஏழே காலுக்கு எழுந்திருங்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு பதினைந்து இருபது நிமிடம் முன்னால் வாருங்கள். இப்படியே இறங்கி, தேர்வு நாளில் எந்த நேரத்துக்கு எழ வேண்டுமோ அந்த நேரத்தைத் தேர்வுக்கு நாலு நாள் முன்பே தொட்டுவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் முன்னால் நகர்த்த வேண்டியிருந்தால் பதினைந்து நாள் போதாது, மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் முன்னால் எழுந்தால் இரவில் தூக்கம் தானாக முன்னால் வரும். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்பது மணி வரை தூங்கினால் அந்த வாரத்து உழைப்பில் பாதி வீண்.

எழுந்ததும் வெளிச்சத்துக்கு வந்துவிடுங்கள். மொட்டை மாடி, வாசல், தெரு, எதுவானாலும் சரி. உள் கடிகாரத்தைத் திருப்பும் திறவுகோல் கண்ணுக்குள் போகும் காலை வெளிச்சம்தான். வீட்டு டியூப் லைட்டின் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். மேகமூட்டமான காலையில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். இருபது நிமிடம் நடந்தபடியே நேற்றுப் படித்ததை மனத்துக்குள் சொல்லிப் பார்க்கலாம். இதே காரணத்துக்காக இரவு பத்து மணிக்கு மேல் போனை முகத்துக்கு நேரே பிடித்து யூடியூபில் நடப்பு நிகழ்வுகள் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். படிப்புக்காகத்தானே என்று மனசு சமாதானம் சொல்லும். உள் கடிகாரத்துக்கு அது வெறும் வெளிச்சம். பொழுது இன்னும் சாயவில்லை என்று எடுத்துக்கொள்ளும்.

சாப்பாட்டு நேரமும் கூடவே நகரவேண்டும். தேர்வு நாளில் ஆறரைக்குச் சாப்பிடவேண்டும் என்றால், இந்தப் பத்து நாளும் ஆறரைக்குச் சாப்பிடுங்கள். இல்லாவிட்டால் அன்றைக்கு இட்லி தொண்டைக்குள் இறங்காது, வெறும் வயிற்றோடு போய் உட்காருவீர்கள், பதினொரு மணிக்குக் கை நடுங்கும். பலர் வெளியே பேசாத விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. காலைக் கடன் கழிக்கும் நேரத்தையும் உடம்பு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. எட்டரைக்குப் பழகியவருக்குத் தேர்வன்று எட்டரைக்குத்தான் வயிறு கலக்கும். அப்போது அவர் பஸ்ஸிலோ கேட் வரிசையிலோ நின்றுகொண்டிருப்பார். எழும் நேரமும் சாப்பிடும் நேரமும் முன்னால் போனால் இதுவும் பின்னாலேயே வந்துவிடும்.

டீ, காபிக்கு வருவோம். காபியில் உள்ள கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். இரவு பத்து மணிக்கு ஒரு டம்ளர் குடித்தால் விடிகாலை மூன்று மணிக்கும் அதில் பாதி ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நைட் ஸ்டடிக்காக பிளாஸ்கில் டீ போட்டு வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் ஊரில் நெடுங்காலமாக இருக்கிறது. கடைசிப் பதினைந்து நாளுக்கு அந்த பிளாஸ்கை எடுத்து வைத்துவிடுங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் வேண்டாம். தேர்வன்று காலையில் வழக்கமாகக் குடிக்கிற ஒரு காபியைக் குடியுங்கள். பழக்கமில்லாதவர்கள் அன்றைக்குப் போய்ப் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

இந்த மாற்றங்களோடு சேர்த்துச் செய்யவேண்டிய முக்கியமான வேலை மாதிரித் தேர்வு. பெரும்பாலானோர் மாதிரித் தேர்வை வேலை முடிந்து வந்து மாலையில் எழுதுகிறார்கள், அதையும் இரண்டு தவணையாக. குறைந்தது நான்கு மாதிரித் தேர்வுகளையாவது காலை 9.30-க்கு உட்கார்ந்து 12.30-க்கு எழுந்திருக்கும்படி எழுதிப் பாருங்கள். குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 180 நிமிடம். ஒரு கேள்விக்கு 54 விநாடி. அந்த 54 விநாடிக்குள் படித்து, முடிவெடுத்து, வட்டத்தைக் கருமையாக்க வேண்டும். விடை தெரியாவிட்டாலும் சும்மா விட முடியாது, 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டத்தை நிரப்பியாக வேண்டும். இதைக் காலை நேரத்தில், பெஞ்சில், மின்விசிறி ஓடாத அறையில் செய்து பார்த்தவருக்கும், இரவில் கட்டிலில் சாய்ந்தபடி செல்போனில் செய்து பார்த்தவருக்கும் தேர்வு அறையில் வித்தியாசம் தெரியும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் நடத்தும் இலவச வகுப்புகள் இருக்கின்றன, மாவட்ட மைய நூலகங்களில் படிக்கிறவர்களின் கூட்டம் இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து ஒரே வினாத்தாளைக் காலையில் எழுதிப் பார்க்க இந்த இடங்கள் போதும்.

நாலு மணிக்கு எழுந்து படிக்கலாமா?

வைகறையில் படித்தால் மனத்தில் நிற்கும் என்று நம் பெரியவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர்கள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு ஒன்பதுக்குள் படுத்தார்கள். நாலரைக்கு எழுந்தால் ஏழரை மணி நேரத் தூக்கம் கணக்குக்கு வந்துவிடும். இன்றைக்குப் பன்னிரண்டு வரை படிக்க வைத்து, நாலரைக்கு மணியடித்து எழுப்பும் விடுதிகள் இருக்கின்றன. இது படிப்புக்கு எதிரான காரியம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் 1924-லேயே காட்டிவிட்டார்கள். ஒன்றைப் படித்துவிட்டு விழித்திருந்தவர்கள் மறந்ததைவிட, படித்துவிட்டுத் தூங்கியவர்கள் மிகக் குறைவாகவே மறந்தார்கள். அதற்குப் பிறகு நடந்த ஆய்வுகளும் படித்ததைப் பதியவைக்கும் வேலையில் பெரும்பங்கு தூக்கத்தில் நடப்பதாகவே சொல்கின்றன. கனவுகள் அதிகம் வரும் தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் நீளமாக இருக்கும். நாலரை மணி அலாரம் வெட்டியெடுப்பது அந்தப் பகுதியைத்தான்.

பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு இது இன்னும் பாதகம். வளரிளம் பருவத்தில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்திருக்கிறார். "பதினொண்ணு ஆகியும் தூங்க மாட்டேங்கறான், காலையில எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்கறான்" என்று எந்தப் பெற்றோரும் மகனைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-ல், மேல்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்கவே கூடாது என்று பரிந்துரைத்தது. நம் பள்ளிகளில் ஏழு மணிக்கு சிறப்பு வகுப்பு நடக்கிறது. ஜே.இ.இ. முதல் ஷிப்ட் கிடைத்த பிள்ளைக்குக் கடைசி இரண்டு வாரமாவது இரவு வகுப்பிலிருந்து விலக்குக் கொடுங்கள். பத்து மணிக்கு விளக்கை அணைத்து, ஆறு மணிக்கு எழுப்புங்கள்.

காலைத் தேர்வு என்றாலே பயப்படவும் வேண்டாம். டென்மார்க்கில் பள்ளிப் பிள்ளைகளின் சுமார் 20 லட்சம் தேர்வு முடிவுகளைப் பரிசீலித்து 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. நாளில் ஒவ்வொரு மணி நேரம் தள்ளிப்போகப் போக மதிப்பெண் சிறிது சிறிதாக இறங்கியது. நன்கு தூங்கி, உண்டு, சரியான நேரத்துக்கு விழித்தவருக்குக் காலை நேரம் சாதகமானது.

பின்தூங்கி முன்னெழுகிறவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் தன் நேரம் தன் கையில் உள்ளவருக்குப் பொருந்தும். குரூப் 4 எழுதும் எத்தனையோ பெண்களுக்கு அந்த வசதி கிடையாது. தேர்வு மையத்துக்கு வெளியே மரத்தடியில் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பாட்டியோ கணவரோ காத்திருக்கும் காட்சியை ஒவ்வொரு தேர்விலும் பார்க்கிறோம். உள்ளே இருக்கும் அந்தத் தாய் மூன்று வேளை சமையல், பாத்திரம், குழந்தையின் வீட்டுப்பாடம் எல்லாம் முடித்து இரவு பத்தரைக்குப் புத்தகத்தைத் திறந்து, காலை ஐந்துக்கு அடுப்படிக்குள் நுழைகிறவர். பின்தூங்கி முன்னெழுவதைப் பெண்ணுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தேர்வு எழுதுகிற பெண்ணுக்கு அது மதிப்பெண்ணைத் தின்னும் வழக்கம். அவருக்கு நான் சொல்லும் யோசனை எதுவும் பலிக்க வேண்டுமானால், வீட்டில் இருக்கும் மற்றவர்கள் அசைய வேண்டும். கடைசிப் பதினைந்து நாள் இரவுப் பாத்திரத்தைக் கணவர் கழுவட்டும். காலை டிபனை மாமியாரோ அம்மாவோ பார்த்துக்கொள்ளட்டும். ஒரே அறை உள்ள வீடென்றால் ஒன்பதரைக்கு டி.வி.யை நிறுத்துங்கள். அவர் தூங்கப்போகிற அந்த ஏழு மணி நேரத்தைக் குடும்பம்தான் கொடுக்க முடியும்.

மில்லில் நைட் ஷிப்ட், ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி, வாட்ச்மேன் வேலை பார்த்துக்கொண்டே தேர்வு எழுதுகிறவர்களின் நிலை எல்லோரையும்விடக் கடினம். அவர்களின் உள் கடிகாரம் தலைகீழாக ஓடுகிறது. தேர்வுக்கு முந்தின ஓர் இரவு மட்டும் லீவு போடுவது போதாது. கூடுமானால் ஒரு வாரத்துக்குப் பகல் ஷிப்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். சக ஊழியரிடம், "அண்ணே, இந்த வாரம் நீங்க நைட் பாருங்க, அடுத்த ரெண்டு வாரம் நான் பாக்குறேன்" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். அதுவும் முடியாதென்றால் மூன்று இரவாவது தொடர்ந்து வீட்டில் தூங்குங்கள்.

முதல் நாளும் தேர்வு நாளும்

முதல் நாள் மாலையோடு புதிய பாடத்தை மூடிவிடுங்கள். முடிந்தால் மையத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரே ஊரில் அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி, அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி என்று இரண்டும் இருக்கும். ஒரே அறக்கட்டளையின் கல்லூரிகள் வேறு வேறு வளாகங்களில் இருக்கும். மேப் காட்டும் பின்பக்க கேட் பூட்டியிருக்கும். தேர்வு சனி, ஞாயிறில்தான் பெரும்பாலும் வரும். அந்த நாட்களில் எல்லா டவுன் பஸ்ஸும் ஓடுவதில்லை. வழக்கமாக வரும் ஆறு மணி வண்டி அன்றைக்கு உண்டா என்று கண்டக்டரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஹால் டிக்கெட்டில் இரண்டு பிரதி, அசல் அடையாள அட்டை, எழுதிப் பார்த்த கருப்பு பால் பாயிண்ட் பேனா இரண்டு, தண்ணீர் பாட்டில், உடுத்தும் துணி என்று எல்லாவற்றையும் இரவே ஒரு பையில் போட்டுவிடுங்கள். காலையில் எதையும் தேடக்கூடாது, எதையும் யோசிக்கக்கூடாது.

காலையில் நெய் மிதக்கும் பொங்கலும் பூரியும் வேண்டாம். மூன்று இட்லி, கொஞ்சம் சட்னி, ஒரு வாழைப்பழம் போதும். பழையதும் மோரும் சாப்பிட்டுப் பழகியவர்கள் அதையே அளவாகச் சாப்பிடலாம். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் புதிதாக எதையும் முயற்சிக்காதீர்கள். தண்ணீரை எட்டு மணிக்குள் குடித்து முடித்துவிடுங்கள். மாதவிடாய் நாளாக இருக்கும் என்று கணக்கிட்ட பெண்கள் நாப்கினைப் பையில் வைத்துக்கொண்டு, மையத்துக்குப் போனதும் கழிப்பறை எங்கே என்று முதலில் கேட்டுவிடுங்கள். தயக்கம் வேண்டாம்.

எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் கேட்டுக்கு வெளியே கூட்டம் கூட்டமாக நின்று, "அந்தத் திட்டம் எந்த வருஷம்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். தள்ளிப்போய் உட்கார்ந்து, ஒரு தாளை எடுத்து, உங்களை எது பயமுறுத்துகிறதோ அதைப் பத்து நிமிடம் மனம்விட்டு எழுதுங்கள். ஜெரார்டோ ரமிரெஸ், ஷான் பைலாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2011-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். தேர்வுக்குச் சற்று முன் கவலைகளை எழுதித் தீர்த்தவர்கள், குறிப்பாக அதிகம் பதறும் சுபாவமுள்ள மாணவர்கள், நல்ல மதிப்பெண் எடுத்தார்கள். எழுதி முடித்ததும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே போங்கள்.

உள்ளே ஒன்பது முதல் ஒன்பதரை வரை சும்மா உட்கார்ந்திருக்கும் அரைமணியில் உடம்பு மறுபடி தூக்கத்துக்கு நழுவும். முதுகை நிமிர்த்தி, காலைத் தரையில் பதித்து, மூச்சை நிதானமாக விடுங்கள். வினாத்தாள் வந்ததும் நன்றாகத் தெரிந்த பகுதியில் தொடங்குங்கள். பலருக்கு அது தமிழ்ப் பகுதி. 25 திறனறிக் கணக்குகளைக் கடைசிக்கு வைக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பன்னிரண்டு மணிக்குப் பசியும் களைப்பும் சேரும்போது கணக்குதான் முதலில் பிசகும். தமிழை முடித்த கையோடு அதை முடித்துவிட்டுப் பொது அறிவுக்குப் போங்கள்.

அரசிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. சில மாவட்டங்களில் தேர்வு நாளில் சிறப்புப் பேருந்து விடுகிறார்கள். அது எல்லா மாவட்டத்திலும், மலைக் கிராமத்திலிருந்தும் கடைக்கோடி ஊரிலிருந்தும் காலை ஐந்து மணிக்கே கிளம்பும்படி விடப்பட வேண்டும். ஒவ்வொரு மையத்திலும் பூட்டாத, தண்ணீர் வரும் கழிப்பறையும், பாலூட்டும் தாய்க்கு ஓர் அறையும், குழந்தையோடு காத்திருப்பவர்களுக்கு நிழலும் வேண்டும். லட்சக்கணக்கானவர்களை ஒரே காலையில் வரச் சொல்கிறவர்கள் செய்ய வேண்டிய குறைந்தபட்ச ஏற்பாடு இது. தேர்வு எழுதப்போகும் நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஹால் டிக்கெட் தேதியிலிருந்து பதினைந்து நாளைப் பின்னோக்கி எண்ணி, அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, அன்று காலை அலாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் வையுங்கள்.